கொலுவில் ஹௌரா பாலம்

புரட்டாசி நெருங்கினால் பவானிபூரில் இருவகை வேலைகள் அடுத்தடுத்து நடைபெறக் காண்கிறோம். தெருக்களில் மூங்கிலும் துணியும் கொண்டு துர்க்கா பூஜைப் பந்தல்கள் எழும்புகின்றன. நம்மவர் இல்லங்களில் பரணிலிருந்து கொலுப் பெட்டிகள் இறங்குகின்றன. வங்காள அன்பர்கள் எங்கோ உள்ள கோயிலையோ மாளிகையையோ தம் தெருவுக்குக் கொண்டுவருகின்றனர். நாம் கொலுப்படிகளின் பக்கத்தே மணல் பரப்பி, ஊரையும் குளத்தையும் கடைத்தெருவையும் பூங்காவாக அமைக்கிறோம். பெரியதைச் சிறியதாகச் செய்து காட்டும் ஆவல் இரு சாராருக்கும் பொது. அவ்வேலையை அளவு பிசகாமல் செய்வது எங்ஙனம் என்பதே இத்திங்கள் நம் பகுதியில் எடுத்துக்கொண்ட பொருள்.

இதில் பொழுதுபோக்கு மட்டுமன்றி வேறொன்றும் அடங்கியுள்ளது. நம் வீடுகளில் அடிக்கடி எழும் வழக்கு ஒன்றுண்டு. தாத்தா ஸ்ரீரங்கத்து இராஜகோபுரத்தைப் போல் உயர்ந்தது உலகில் இல்லை என்பார். இங்கேயே பிறந்து வளர்ந்த பேரன் ஹௌரா பாலத்தைக் காட்டி, "இதைவிடவா?" என்று கேட்பான். பேரன் கோபுரத்தை நாட்காட்டிப் படத்தில்தான் கண்டிருக்கிறான். தாத்தாவோ பாலத்தின்மேல் எத்தனை முறை சென்றிருந்தாலும் அதை நிமிர்ந்து பார்த்து மதித்ததில்லை. படத்தில் எதையும் பெரிதாகவும் சிறிதாகவும் காட்டலாமாதலால், படம் இவ்வழக்கைத் தீர்க்காது. இரண்டையும் ஒரே கணக்கில் சிறிதாக்கிப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் தீரும். அங்ஙனம் செய்யப்பட்ட பொம்மை விளையாட்டுப் பொருள் மட்டுமன்று, சாட்சியும் ஆகும்.

இதற்கு வேண்டுவது ஒரே ஓர் எண். மெய்யான பொருளின் நீளத்தை எத்தனையால் வகுத்துப் பொம்மையின் நீளத்தைப் பெறுகிறோமோ, அதனை நாம் சுருக்க எண் என்று அழைப்போம். நீளம், அகலம், உயரம், கதவு, படிக்கட்டு ஆகிய யாவற்றையும் அந்த ஓர் எண்ணாலேயே வகுத்தல் வேண்டும். உயரத்திற்கு ஒன்றும் அகலத்திற்கு ஒன்றுமாக மாற்றலாகாது. நிலப்படங்களும் இவ்வழியிலேயே வரையப்பெறுகின்றன. ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்று இந்திய நில அளவைத் துறையினர் முன்னாளில் வரைந்த படங்களின் சுருக்க எண் 63,360. ஒரு மைலில் அத்தனை அங்குலங்கள் உள்ளன. மெட்ரிக் முறை வந்தபின் அது 50,000 ஆயிற்று.

நம்மவர்க்கு இம்முறை புதிதன்று. சுவாமிமலைச் சிற்பிகள் வார்ப்புப் படிமம் செய்யுமுன் தென்னையோலை நறுக்கு ஒன்றை எடுத்து, செய்யவிருக்கும் படிமத்தின் உயரத்திற்குச் சரியாக வெட்டி, அதை மடித்து மடித்துக் கூறுகளாகப் பிரிப்பர். ஒடியோலை என்பது அதன் பெயர். உத்தம தசதாலம் என்னும் முறையில் முழு உயரமும் 124 கூறுகள். முகம் இத்தனை, கை இத்தனை என்பது அக்கூறுகளால் சொல்லப்படும். படிமம் ஒரு சாண் ஆயினும் ஓர் ஆள் உயரம் ஆயினும் கூறுகளின் எண்ணிக்கை மாறாது. ஓலையின் நீளமே மாறும். ஆகவே அழகு கெடாமல் பெரிதாக்கவும் சிறிதாக்கவும் அவர்களால் இயலுகிறது.

இனி, ஹௌரா பாலத்தை எடுத்துக்கொள்வோம். 1943-ல் போக்குவரத்துக்குத் திறக்கப்பெற்று, 1965-ல் ரவீந்திர சேது என்று பெயர் சூட்டப்பெற்ற அப்பாலத்தின் இரு பெருந்தூண்களுக்கு இடைப்பட்ட தூரம் 1,500 அடி. அந்த 1,500 அடியில் இரு கரைகளிலிருந்தும் நீளும் கைகள் ஒவ்வொன்றும் 468 அடி; அக்கைகளின் நுனிகளில் தாங்கப்பெற்று நடுவே நிற்கும் பகுதி 564 அடி. தூண்களுக்குப் பின்புறம் கரையோடு பிணைக்கும் கை பக்கத்திற்கு 325 அடி. ஆக மொத்தம் 2,150 அடி. வண்டிகள் செல்லும் பாதையின் அகலம் 71 அடி. இருபுறமும் நடப்பவர்க்கு 15 அடிப் பாதைகள். உயரம் ஏறக்குறைய 269 அடி.

சுருக்க எண்ணைத் தேர்வதற்கு முதலில் நம் வீட்டில் உள்ள இடத்தை அளக்க வேண்டும். பூங்காவுக்கு 5 அடி இடம் உண்டெனக் கொள்வோம். 2,150-ஐ 5-ஆல் வகுத்தால் 430. இதற்குக் குறைந்த எண்ணைக் கொண்டால் பாலம் சுவரில் முட்டும். கூடிய எண் எதுவாயினும் அடங்கும். கணக்குக்கு எளிதாக 500 என்று கொள்ளலாம். இடம் 4 அடியே என்றால் 537 வருமாதலால், 600 என்று கொள்ள வேண்டும். பவானிபூரின் பழைய வீடுகளில் ஓரறையில் குடியிருப்போர் 1,000 என்று கொண்டாலும் இழுக்கில்லை. பாலம் இரண்டடிக்குச் சற்று மேல் நீண்டு அலமாரித் தட்டில் அடங்கும்.

500 என்று கொண்டபின், அடிகளை மில்லிமீட்டராக மாற்றும் வேலையை ஒரே முறையில் முடித்துவிடலாம். ஓர் அடி என்பது 304.8 மில்லிமீட்டர், அதை 500-ஆல் வகுத்தால் 0.61. ஆகவே மெய்யான அடிகளை 0.61-ஆல் பெருக்கினால் பொம்மையின் மில்லிமீட்டர் கிடைக்கும். அவ்வாறு பெருக்கிக் கண்ட அளவுகள் வருமாறு: தூண்களுக்கு இடையே 914 மில்லிமீட்டர், அதில் நீளும் கை ஒவ்வொன்றும் 285, நடுப்பகுதி 344, கரைப்பக்கத்துக் கை ஒவ்வொன்றும் 198, மொத்த நீளம் 1,310. வண்டிப்பாதை 43, நடைபாதை ஒவ்வொன்றும் 9, உயரம் 164. வெட்டத் தொடங்குமுன் துண்டுகளைக் கூட்டி மொத்தத்தோடு ஒத்துப் பார்த்தல் நலம். 198, 285, 344, 285, 198 ஆகியவற்றைக் கூட்டினால் 1,310 வரவேண்டும்; வருகிறது. கூட்டுத்தொகை ஒவ்வாத வரவுசெலவுக் கணக்கை எந்த அலுவலகத்திலும் ஏற்கமாட்டார்கள். அட்டையில் செய்யும் பாலத்துக்கும் அவ்விதியே.

ஒவ்வொரு முறையும் பெருக்கிக் கொண்டிருப்பது பிள்ளைகளுக்குச் சலிப்பாகும். அதற்குச் சிற்பியின் ஒடியோலையே வழிகாட்டுகிறது. கெட்டித் தாளில் இரண்டு விரற்கடை அகலத்திற்கு ஒரு நறுக்கை வெட்டி, 61 மில்லிமீட்டருக்கு ஒரு கோடு இட்டு, 100 அடி, 200 அடி என்று எழுதுக. இடையில் பத்துப் பத்து அடிக்குச் சிறு கோடுகள் இடுக. பின்னர் மெய்யான அளவையே இந்நறுக்கில் நேராக அளந்து வெட்டலாம். வகுத்தல், பெருக்கல் எதுவும் வேண்டா.

அதே நறுக்கைக் கொண்டு தாத்தாவின் கோபுரத்தையும் அளப்போம். 1987-ல் கட்டி முடித்துக் குடமுழுக்குச் செய்யப்பெற்ற ஸ்ரீரங்கத்து இராஜகோபுரம் 236 அடி என்பர்; பொம்மையில் 144 மில்லிமீட்டர். 1010-ல் முடிவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் ஏறக்குறைய 216 அடி, 132 மில்லிமீட்டர். மதுரையின் தெற்குக் கோபுரம் 170 அடி, 104 மில்லிமீட்டர். நமக்கு நடைதூரத்தில் உள்ள விக்டோரியா நினைவு மண்டபம் 184 அடி, 112 மில்லிமீட்டர். நான்கையும் பாலத்தின் முன் வரிசையாக நிறுத்தினால், பாலமே 164 மில்லிமீட்டரோடு முதலில் நிற்கிறது. பேரன் வென்றான் என்று தோன்றும்.

ஆயினும் வழக்கு அத்தோடு முடிவதில்லை. ஸ்ரீரங்கம் கோபுரம் மட்டுமன்று. 156 ஏக்கர் பரப்புள்ள கோயில் என்று சொல்லப்படுவது. இப்பரப்பைச் சிறிதாக்கும்போது 500-ஆல் வகுத்தல் பிழை. நீளமும் 500-ஆல் குறைகிறது, அகலமும் 500-ஆல் குறைகிறது. ஆகவே பரப்பை 500-ஐ 500-ஆல் பெருக்கி வந்த 2,50,000-ஆல் வகுத்தல் வேண்டும். 156 ஏக்கர் என்பது ஏறக்குறைய 6,31,000 சதுர மீட்டர். வகுத்தால் இரண்டரைச் சதுர மீட்டர் வருகிறது. அதாவது, பாலம் மூன்று விரல் அகலத்தில் சுவரோரமாக அடங்கிவிட, ஸ்ரீரங்கம் கோயிலோ இருவர் படுக்கும் கட்டில் ஒன்றை ஏறக்குறைய நிறைத்துவிடும்! உயரத்தில் பேரனும், பரப்பில் தாத்தாவும் வென்றனர். இரண்டு ஊர்களையும் ஒரே கோலால் அளந்தமையால் அன்றோ இருவரும் மனங்கோணாமல் ஒப்புக்கொள்ள முடிந்தது?

பரப்பினும் வியப்பானது எடை. பாலத்தில் இட்ட எஃகு ஏறக்குறைய 26,500 டன்; அதில் 23,000 டன் டாட்டா எஃகாலை வழங்கியது. அதே எஃகால், ஒவ்வொரு தகட்டையும் 500-ல் ஒரு பங்காகச் செய்து கொலுவில் வைத்தால் எடை என்னவாகும்? நீளம், அகலம், கனம் மூன்றும் குறைவதால் 500-ஐ மும்முறை பெருக்கி வரும் பன்னிரண்டரைக் கோடியால் வகுக்க வேண்டும். விடை ஏறக்குறைய 210 கிராம். பெரியதொரு கொய்யாப்பழத்தின் எடைதான். நம்புதற்கு அரிதாயினும் கணக்கு அதுவே.

ஆனால் அத்தகைய பாலத்தை எவராலும் செய்ய இயலாது. ஒரு சென்டிமீட்டர் கனமுள்ள தகடு பொம்மையில் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்காகிவிடும்; நாம் எழுதும் தாளே அதைப்போல் ஐந்து மடங்கு கனமுடையது. ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள ஈர்க்குச்சியைக் கம்பியாக வைத்தால், அது அரை மீட்டர் கனமுள்ள இரும்பைக் குறிக்கும். ஆகவே பெரும் உறுப்புகளுக்கு ஈர்க்குச்சி பொருந்தும். கைப்பிடிக் கம்பிகளை விட்டுவிடுவதே முறை. தீக்குச்சி இரண்டு மில்லிமீட்டர் கனமுடையது. அது ஒரு மீட்டராகிவிடும். பாலம் பருத்துப் பூதம்போல் தோன்றுவதற்குக் காரணம் பெரும்பாலும் நீள அகலப் பிழை அன்று, குச்சியின் கனமே.

இங்ஙனம் எடையும் வலிமையும் வெவ்வேறு விதமாகக் குறைவதை இத்தாலிய அறிஞர் கலிலியோ 1638-ல் வெளிவந்த தம் நூலில் விளக்கினார். ஒரு தூணின் தாங்கும் வலிமை அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. அதன் சுமையோ கன அளவைப் பொறுத்தது. சிறிதாக்கும்போது சுமை வலிமையினும் மிக விரைவாகக் குறைகிறது. ஆகையால் அட்டைப்பாலம் உறுதியாக நிற்பது கண்டு, அதே வடிவில் பெரிய பாலமும் நிற்கும் என்று கொள்ளலாகாது. பொம்மை வடிவத்திற்குச் சான்று, வலிமைக்குச் சான்றன்று.

பொறியியலார் இவ்வேறுபாட்டை அறிந்தே மாதிரிகள் செய்கின்றனர். புனேக்கு அருகே கடக்வாஸ்லாவில் மத்திய நீர், மின் ஆராய்ச்சி நிலையம் உள்ளது, 1916-ல் தோன்றியது. நம் ஹுக்ளி ஆற்றின் போக்கையும் அங்கே மாதிரி அமைத்து ஆராய்ந்தனர். ஆறு மிக நீண்டது, ஆனால் ஆழம் குறைந்தது. ஒரே எண்ணால் நீளத்தையும் ஆழத்தையும் வகுத்தால், தரையை நனைக்கும் அளவு நீரே மாதிரியில் ஓடும். அலையோ வண்டலோ அதில் விளங்கா. ஆகவே இத்தகைய ஆற்று மாதிரிகளில் ஆழத்திற்கு வேறோர் எண்ணைக் கொண்டு, ஆற்றை வேண்டுமென்றே ஆழமாக்கிச் செய்வது வழக்கம். அவர்கள் விதியை மீறினர் எனலாமா? ஆகாது. எவ்வளவு மாற்றினர் என்பதை எழுதிவைத்து, முடிவில் அதற்கேற்பக் கணக்கைத் திருத்திக்கொள்கின்றனர். இந்நேர்மையே நாமும் கொள்ள வேண்டியது.

பாலத்தைச் செய்த பிள்ளைகள் அடுத்து விரும்புவது ரயில் வண்டி. முதலில் ஓர் எச்சரிக்கை: ஹௌரா பாலத்தின்மேல் ரயில் விடலாகாது. அதன்மேல் 1993 வரை டிராம் ஓடியது, ரயில் ஓடியதில்லை. ரயில் ஆற்றைக் கடப்பது வடக்கே பாலியில் உள்ள விவேகானந்த சேதுவின் மேலாகும். மேலும், கடைகளில் விற்கும் ரயில் பொம்மைகளின் சுருக்க எண் வேறு. உலகில் பெரிதும் வழங்கும் எச்.ஓ. என்னும் வகையில் ஓர் அடிக்கு மூன்றரை மில்லிமீட்டர். சுருக்க எண் 87. சென்னைப் பெரம்பூரில் 1955 முதல் இயங்கிவரும் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையின் வழக்கமான பயணிப்பெட்டி 21,337 மில்லிமீட்டர் நீளமும் 3,245 மில்லிமீட்டர் அகலமும் உடையது. 87-ஆல் வகுத்தால் நீளம் 245, அகலம் 37. அட்டையில் செய்வோர் இவ்வளவைக் கொள்க.

தண்டவாளத்தில் ஒரு சிக்கல் உண்டு. ஹௌராவிலிருந்து 1854-ல் ஓடத் தொடங்கிய பாதையும், சென்னை இராயபுரத்திலிருந்து 1856-ல் ஓடத் தொடங்கிய பாதையும் ஒரே அகலமானவை. இரு தண்டவாளங்களுக்கும் இடைவெளி ஐந்தடி ஆறங்குலம், அதாவது 1,676 மில்லிமீட்டர். அதனால்தான் பிற்காலத்தில் அவை இணைந்தபோது, ஹௌராவில் ஏறியவர் இடையில் வண்டி மாறாமல் சென்னையில் இறங்க முடிந்தது. இதை 87-ஆல் வகுத்தால் 19 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வருகிறது. ஆனால் கடையில் கிடைக்கும் தண்டவாளத்தின் இடைவெளி பதினாறரை மில்லிமீட்டர். அது ஐரோப்பா, அமெரிக்கா ஆகிய இடங்களில் வழங்கும் 1,435 மில்லிமீட்டர்ப் பாதைக்காகச் செய்யப்பட்டது. அதன்மேல் நம் பெட்டியை வைத்தால், மெய்யளவில் ஒன்பது அங்குலத்திற்கு மேல் குறைந்த பாதையில் அது நிற்பதாகும். அகன்ற பெட்டி குறுகிய காலில் நிற்பதுபோல் தோன்றும். கையால் பாதை அமைப்போர் 19 மில்லிமீட்டர் வைக்க. கடைச்சரக்கை வாங்குவோர் அதனை அப்படியே கொள்க. ஆனால் குறை எங்கே என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்க. நீலகிரி மலைப்பாதை ஒரு மீட்டர். அது பதினொன்றரை மில்லிமீட்டர். டார்ஜீலிங் பாதை இரண்டடி. அது 7 மில்லிமீட்டர். மூன்றையும் ஒரு தாளில் வரைந்து பார்த்தாலே, மலைவண்டி ஏன் சிறியது என்பது விளங்கும்.

தூரத்தைச் சிறிதாக்குதல் மட்டும் எவர்க்கும் இயலாது. ஹௌராவிலிருந்து சென்னை ஏறக்குறைய 1,660 கிலோமீட்டர். 87-ஆல் வகுத்தாலும் 19 கிலோமீட்டர் வருகிறது. பொம்மைச் சென்னையை வைப்பதற்கு ஹௌராவிலிருந்து ஸ்ரீராம்பூர் அருகு வரை நாம் போக வேண்டும்! ஆகவே நிலையத்தையும் வண்டியையும் அளவோடு செய்து, இடைவழியைச் சுருக்கிக்கொள்வதே உலக வழக்கு. வேகத்தையோ சரியாக வைக்கலாம். மணிக்கு 110 கிலோமீட்டர் ஓடும் வண்டி, பொம்மையில் வினாடிக்கு 35 சென்டிமீட்டர் ஓட வேண்டும். வினாடிக்கு ஒரு மீட்டர் ஓடவிட்டால், மெய்யில் 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகமாகும்.

மனித உருவங்களையும் மறக்கலாகாது. பாலத்தின் கணக்கில் ஐந்தரை அடி மனிதர் மூன்றரை மில்லிமீட்டர், நொய்யரிசி அளவு. அரையடி உயரச் செட்டியார் பொம்மையைப் பாலத்தருகே வைத்தால், அவர் 75 மீட்டர் உயரமுள்ளவராகிவிடுவார். தஞ்சை விமானத்தைக் குனிந்து பார்ப்பார். ஆதலால் தெய்வங்களும் செட்டியாரும் படிகளிலேயே வீற்றிருக்கட்டும். அங்கே அளவு வேறு; பக்திக்குச் சுருக்க எண் இல்லை. அளவுப்படி செய்தவற்றைத் தனியே பூங்காவில் வைக்க.

பந்தல்களிலும் இவ்வேறுபாட்டைக் காணலாம். 2021-ல் லேக் டவுனில் ஸ்ரீபூமி சங்கத்தார் துபாயின் புர்ஜ் கலீஃபாவைப் பந்தலாக அமைத்தனர். மெய்யான கட்டடம் 828 மீட்டர். பந்தல் ஏறக்குறைய 145 அடி. உயரத்தில் சுருக்க எண் 19-க்கு அருகில் வருகிறது. ஆனால் அம்பிகையும் அடியார் கூட்டமும் உள்ளே செல்ல வேண்டிய பந்தலுக்கு மற்ற அளவுகளை மக்களுக்கேற்பவே வைத்தாக வேண்டும். அது வழிபடுவோர்க்காக எழுப்பியது, அளப்போர்க்காக அன்று. குருசதய் சாலையில் 1959-ல் தொடங்கிய பிர்லா தொழில்நுட்பக் காட்சிசாலைக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்றால், சிறிதாக்கிய மாதிரிகளோடு, மெய்யளவிலேயே அமைத்த நிலக்கரிச் சுரங்கத்தையும் காட்டலாம். அங்கே சுருக்க எண் ஒன்று.

முடிவாக அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இவ்வாண்டு கொலுப் பூங்காவில் எதைச் செய்தாலும் அதன்முன் ஒரு சிறு அட்டையை வைப்போமாக. அதில் மூன்று வரிகள் போதும்: பொருளின் பெயர், சுருக்க எண், எந்த அளவில் விதியை விட்டோம் என்பது. "ஹௌரா பாலம். 500-ல் ஒரு பங்கு. கம்பிகளின் கனம் கூட்டப்பட்டுள்ளது." சுண்டல் வாங்க வரும் வங்காளத்துக் குழந்தை அதைப் படித்துக் கேட்கும், பக்கத்தில் நிற்கும் 144 மில்லிமீட்டர்க் கோபுரத்தைப் பற்றியும் கேட்கும். அப்பொழுது நம் பிள்ளை, தான் இன்னும் காணாத ஊரைப் பற்றி, மிகையும் குறையுமின்றிச் சரியான விடை சொல்லும்.